ஐம்பதடி தள்ளி நின்ற பஸ்

அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு நான் ஆபீஸ் போகும் பஸ்ஸில், மீசைக்குள் விசில் செருகிய கண்டக்டர் ஒருவர் இருந்தார். என்னைக் கண்டால் மட்டும் ஐம்பதடி தள்ளித்தான் பஸ்ஸை நிறுத்துவார். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த நான், தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஓடுவேன்.

மூன்று மாதம் பொறுத்தேன். ஒருநாள் காலையில் ஓடி ஏறிய வேகத்தில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பித்தான்கள் தெறித்தன.

"கொன்னுருவேம்லே!" என்று ஓர் அறை விட்டேன். உதடு கிழிந்தது.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அண்ணாச்சி, மொத நாளு ரெண்டு படி ஏறினதுக்கே பேச மூச்சில்லாம நின்னிய. ரிட்டையர் ஆகுமுன்னாடி போய்ச் சேந்துருவியளோன்னு பயந்தேன். இன்னைக்கு ஓடி வந்து அடிக்கவே தெம்பு வந்துட்டுல்லா!"

பஸ்ஸே சிரித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றேன்.

மறுநாள் பஸ் நூறடி தள்ளி நின்றது. அது அக்கறையா, அறைக்குப் பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.