தட்டு திரியலை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏன்னா, தட்டு திரியலை."

மலையாளம் கலந்த எங்கள் வலியசாலைப் பேச்சில் திரிவது என்றால் சுற்றுவது. மைக்ரோவேவுக்குள் இருக்கும் கண்ணாடித் தட்டைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. எழுந்து போகச் சோம்பலாக இருந்ததால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. வழக்கமான இரைச்சலும் இருந்தது.

"எல்லாம் ஓடிண்டிருக்கு. நீ வெறுதே பயப்படாதே."

"ஓடறது. திரியலை. திரிஞ்சா அடியில சக்கரம் கரகரன்னு உரசும். இன்னிக்கு அது கேக்கலை."

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பால் டம்ளர் வைத்த இடத்திலேயே அசையாமல் நின்றது.

அவளுக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. கண்ணில் அழுத்தம் கூடி, முதலில் ஓரங்கள் மறைந்தன, பிறகு எல்லாமே. நான் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அவள் கேட்காமலேயே சமையலறையை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். கத்தி கூடாது, காஸ் கூடாது, கொதிக்கிற எதன் பக்கமும் வரக் கூடாது. அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டது அந்தப் பழைய மைக்ரோவேவ் ஒன்றைத்தான். அதில் திருகும் குமிழ்கள் இரண்டு. நேரக் குமிழைச் சுற்றி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டி வைத்திருந்தாள். விரலால் தடவி, எண்ணித் திருகுவாள். தினமும் பதினோரு மணிக்குப் பாலைச் சுட வைத்து, டிகாஷன் கலந்து, சுவரைத் தொட்டபடி நடந்து வந்து எனக்கு ஒரு காப்பி தருவாள். நானும் பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல் வாங்கிக் குடிப்பேன்.

மறுநாள் காலையிலேயே, தட்டு சுற்றாவிட்டாலும் பரவாயில்லை என்று அதிலேயே தனக்குக் கொஞ்சம் பாலை வைத்தாள். சுற்றாத பாலில் சூடு ஒரே சீராகப் பரவுவதில்லை. அவள் விரல் வைத்துப் பார்த்த இடம் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. வாயில் வைத்த பக்கம் கொதித்தது. உதடு பொத்துப் போய்விட்டது.

"ஒண்ணும் சாரமில்லை, சரியாயிடும்," என்றாள், உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டே.

"போதும். இனிமே நானே சுட வெச்சுத் தரேன்."

பதினோரு மணிக்கு நான் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்வை போன மாதங்களில்கூட வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருந்தாள்.

பழுது பார்க்க ஒருவர் வந்தார். சுவிட்சைப் போட்டார், காதைச் சாய்த்தார், அணைத்தார். "மோட்டோர் போயி சாரே. இதினு இனி பார்ட்டும் கிட்டில்ல. புதியது ஒந்நு வாங்கிக்கோ," என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மோட்டார் போய்விட்டதாம், உதிரிப்பாகமும் கிடைக்காதாம்.

புதியது வாங்கக் கடைக்கு அவளையும் அழைத்துப் போனேன். விற்பனைக்காரப் பெண் பளபளவென்று நாலைந்து மைக்ரோவேவ் அடுப்புகளைக் காட்டினாள். என் மனைவி ஒவ்வொன்றின் முகப்பையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே வழவழப்பு. தொட்டால் இயங்கும் எழுத்துகள் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தன.

"இது வெறும் கண்ணாடின்னா. இதுல நான் எங்கே தொடறது?"

ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். ஆட்டோவில் வரும்போது, "ஆத்துல போய்க் கழட்டிப் பாப்போமா?" என்றாள். எனக்குக் கழற்றவும் தெரியாது, மாட்டவும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். வெளிக்கூட்டைத் திறக்கக் கூடாது, உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கதவு வழியாக எட்டுவதை மட்டும் எடுத்தோம். முதலில் கண்ணாடித் தட்டு. அதன் கீழே மூன்று குட்டிச் சக்கரங்கள் உள்ள வளையம். நடுவில், மோட்டார் தண்டின் மேல், மூன்று சிறகு வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. தண்டு சுற்றும்போது தட்டையும் சேர்த்துச் சுற்றுவது அதுதான். மேலே இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"இதுல ஒரு கோளாறும் இல்லை."

"இங்கே தாங்கோ."

உள்ளங்கையில் வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுற்றிலும் தடவினாள். ஓரிடத்தில் நகம் நின்றது.

"இங்கே ஒரு கீறல் இருக்கு. அமுக்கினா வாயைத் திறக்கறது. பாருங்கோ."

அவள் அமுக்கிப் பிடித்தபோதுதான் தலைமயிர் போல ஒரு கோடு எனக்குத் தெரிந்தது. தண்டு நுழைகிற துளை விரிசல் விட்டு அகன்றிருந்தது. காலியாக ஓட விடக் கூடாது என்பதால் ஒரு கப் தண்ணீரை அடுப்பின் ஓரமாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, பிளக்கைச் செருகி, கால் நிமிடம் மட்டும் ஓட விட்டோம். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மோட்டார் தண்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"திரியறது!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கோ. எனக்குக் காது இருக்கு," என்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கிழக்கேகோட்டையில் மிக்சி, கிரைண்டர் உதிரிப்பாகம் விற்கிற சின்னக் கடை ஒன்றில் அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் காட்டி விசாரித்தேன். கடை வைத்திருந்தவர் நாகர்கோவில் பக்கத்து அம்மாள்.

"கப்ளிங்கா? லேசுல கிடைக்காது கேட்டியளா," என்றபடியே ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். உடைத்த பழைய அடுப்புகளிலிருந்து எடுத்து வைத்த துண்டுகள் அதில் குவியலாகக் கிடந்தன. ஒன்றில் துளை பெரிது, இன்னொன்றில் உயரம் குறைவு. வந்து நின்ற மற்ற வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பொறுமையாக ஒவ்வொன்றாக என் துண்டோடு சேர்த்துப் பார்த்தார்.

"இந்தக் கீறலை ஆரு கண்டுபிடிச்சா? மெக்கானிக்கா?"

"இல்லம்மா. என் மனைவி. அவளுக்குக் கண் தெரியாது."

அவர் அந்தக் கீறலைத் தன் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு டின்களை எடுத்துக் கவிழ்த்தார். கடைசி டின்னில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பின் முன்னால் நான் குனிந்தேன். "நகருங்கோ," என்று அவளே அதைத் தண்டில் பொருத்தி, வளையத்தை வைத்து, தட்டை இப்படியும் அப்படியும் அசைத்துச் சிறகுகளுக்கு நடுவே உட்கார வைத்தாள். டம்ளரில் பால் வைத்து, பொட்டைத் தடவிக் குமிழைத் திருகினாள். கரகரவென்று சத்தம் வந்தது. அதுவரை அந்தச் சத்தத்தை நான் கவனித்துக் கேட்டதே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, மூக்கை உறிஞ்சாமல் சமாளித்தேன்.

அன்று காப்பியைப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குடித்தேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "இன்னிக்கென்ன புதுசா?" என்றாள்.

அடுத்த வாரம், "அந்தக் கடைக்கு என்னையும் அழைச்சுண்டு போங்கோ," என்றாள். பஸ்ஸில் போனோம். கடைக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்கார வைத்தார். சும்மா பேசத்தான் போனோம். ஆனால் சற்று நேரத்தில் அவள் மடியில் ஒரு டின் இருந்தது. துளை விரிந்தவற்றைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கடையைப் பார்த்துக்கொண்டே தன் மகளின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவளைக் கூப்பிடாமல் எதிர் வரிசையில் நிழலில் நின்று, வீட்டுப் பக்கம் போகும் இரண்டு பஸ்களைப் போக விட்டேன்.