நின்றபடி ஓடிய லொறி

ஒரு லொறி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு காலையிலிருந்து மத்தியானம் தாண்டியும் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய மாமாவின் லொறி. புளியங்கூடலில் எங்கள் வீட்டு வேலியோரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ரேடியோவுக்காக ஓடியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பியிருந்த வயது.

எங்கள் பக்கத்துக்கு அந்த நாளில் மின்சாரம் வரவில்லை. ரேடியோ கார் பற்றரியில்தான் பாடும். பற்றரி களைத்துவிட்டால் அதை பஸ்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும். அது அங்கே தங்கித் தெம்பேற்றிக்கொண்டு திரும்பி வர ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பிடிக்கும். பார்த்துப் பார்த்து அந்தக் கிழமைதான் பற்றரி படுத்துவிட்டது. அதே கிழமைதான் கொழும்பிலிருந்து சின்னம்மாவின் கடிதமும் வந்தது. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் பாடப் போகிறாராம்.

சின்னம்மா, அம்மாவின் தங்கை. கொழும்புக்குப் படிப்பிக்கப் போன இடத்தில் தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கல்யாணம் முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மூன்று வருடமாக அவருடைய பேச்சையே எடுக்கக் கூடாது என்பது பெரிய மாமாவின் உத்தரவு. மாமா, அம்மாவின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாமல் போன இரண்டு தங்கைகளையும் வளர்த்து ஆளாக்கியவர். அவர் சொன்னால் சொன்னதுதான். சின்னம்மாவின் கடிதங்களை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துத்தான் வாசிப்பார்.

மூன்று வருடமாகக் கேட்காத குரலை அம்மாவுக்கு எப்படியும் கேட்க வேண்டும். பற்றரிக்குத் தெம்பேற்றக்கூடிய டைனமோ எங்களுக்குத் தெரிந்தவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாமாவின் லொறிக்குள் இருந்தது.

ஐயா, அதாவது என் தகப்பனார், ஒரு பொய்யைத் தயாரித்தார்.

"மச்சான், ஞாயிற்றுக்கிழமை ரேடியோவிலை நல்ல சமயப் பேச்சு ஒண்டு இருக்காம். பற்றரி செத்துப்போச்சு. லொறியைக் கொண்டுவந்து கொஞ்சம் ஓடவிட ஏலுமோ?"

மோதகம் கொடுக்கும் நாளில் மட்டும் கோயில் பக்கம் தலைகாட்டும் ஐயாவுக்குத் திடீரென்று வந்த பக்தியை மாமா சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஓம், பாப்பம்" என்று சம்மதித்தார். பத்து மணிக்கு வந்தால் போதும் என்று ஐயா சொல்லியிருந்தார். மாமா ஏழு மணிக்கே வந்து நின்றார், அதுவும் சலவை வேட்டியோடு. வாய் தவறி எதையும் சொல்லிவிடக் கூடாதென்று அம்மா என்னிடம் சாமிப்படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருந்தார்.

லொறியிலிருந்து நீளமான வயர் ஒன்று யன்னல் வழியாக உள்ளே வந்து பற்றரியில் பூட்டப்பட்டது. எஞ்சின் தன்பாட்டில் ஓடினால் டைனமோ சோம்பிச் சோம்பித்தான் சுற்றுமாம். யாராவது ஏறியிருந்து அக்சிலேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மாமா ஏறியிருந்தார். நின்ற இடத்தில் காற்றுப் படாததால் எஞ்சின் அடிக்கடி கொதித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், அதை ஊற்றினால் எஞ்சினுக்குள் உப்புப் படிந்துவிடும். ஆகவே தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளி, இடுப்பு நோகச் சுமந்து வந்த குடிதண்ணீரை அம்மா வாளி வாளியாக என்னிடம் கொடுத்தனுப்பினார். மற்ற நாளென்றால் அந்தத் தண்ணீரில் நான் கால் கழுவினாலே முதுகு பிய்ந்துவிடும். அன்று லொறி குடித்த மிச்சம்தான் எங்களுக்கு.

ஒவ்வொரு வாளிக்கும் மாமா என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"நேரம் என்ன, பிள்ளை?"

மாமாவுக்கு ஐயாவைவிடப் பக்தி கூட என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஓடும்போது ரேடியோவைப் போட்டால் கரகரப்புத்தான் வரும். அதனால் பன்னிரண்டு மணி நெருங்க ஐயா கைகாட்டினார், மாமா எஞ்சினை நிப்பாட்டினார். இறங்கி வந்தவர் வீட்டுக்குள் வராமல் யன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். பாட்டுத் தொடங்கியதும் மாமா வயரைப் பிடுங்கி எறிந்துவிடுவார் என்றுதான் நாங்கள் மூவரும் பயந்தோம்.

அறிவிப்பாளர் சின்னம்மாவின் பெயரைச் சொன்னார். பெயருக்கு முன்னால் தகப்பனின் முதலெழுத்து இல்லை, எங்களுக்குப் பழக்கமில்லாத வேறோர் எழுத்து இருந்தது. மாமா அசையவில்லை. சின்னம்மா பாடத் தொடங்கினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

பல்லவி முடிவதற்குள்ளேயே குரல் தேயத் தொடங்கியது. காலை முழுவதும் பெற்றோல் எரித்து ஏற்றிய அந்தக் கிழட்டுப் பற்றரிக்கு ஒரு பாட்டை முழுதாகத் தாங்கச் சீவன் இல்லை. ஐயா காதை ரேடியோவோடு ஒட்டிக்கொண்டார். அம்மா யன்னலைப் பார்த்தார். மாமா அங்கே இல்லை. லொறியை நோக்கி விறுவிறென்று போய்க்கொண்டிருந்தார்.

"போச்சு. மனிசன் கோவிச்சுக்கொண்டு போறார்" என்றார் ஐயா.

எஞ்சின் உறுமியது. ரேடியோ கரகரத்தது. அந்தக் கரகரப்புக்கு நடுவில் சின்னம்மாவின் குரல் எழும்பி வந்தது. லொறி நகரவில்லை. பாட்டு முடியும்வரை எஞ்சின் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஓடியது. ரேடியோவோடு ஒட்டியிருந்த எங்களுக்குப் பாட்டுக் கேட்டது. எஞ்சினோடு இருந்தவருக்கு ஒரு சொல்கூடக் கேட்டிருக்க வழியில்லை.

"அவளைப் பாட்டு வகுப்புக்கு இந்த லொறியிலை ஏத்தி இறக்கினதே அண்ணைதானே" என்று அம்மா விம்மி விம்மிச் சொன்னார். அது நான் அன்றுவரை அறியாத செய்தி.

பாட்டு முடிந்தது. ஐயா ரேடியோவை நிப்பாட்டி, வயரைக் கழற்றி, போய்ச் சுருட்டும்படி நுனியை என் கையில் தந்தார். சுருட்டிக்கொண்டே லொறிவரை போனேன். மற்ற நுனியையும் நானே கழற்றி எடுத்தேன். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார்.

"மாமா, முடிஞ்சுது. நிப்பாட்டுங்கோ."

அவர் நிமிரவில்லை.

"பற்றரி ஏறட்டும், பிள்ளை."

பற்றரி வீட்டுக்குள் கிடந்தது. வயர் முழுவதும் என் கையில் இருந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய், "வயர் கழட்டினது தெரியாமல் மாமா எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு இருக்கிறார்!" என்று சொல்லிச் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. மாமாவிடமே போய்ச் சொல்வோம் என்று திரும்பியபோது, அம்மா என்னை இழுத்துப் பிடித்து உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். எதற்கு அந்தக் குட்டு என்று எனக்கு விளங்கவேயில்லை.

மாமாவுக்கும் சேர்த்துச் சமைத்த சோற்றை அம்மா மூடி வைத்தார். யாரும் போய் அவரைக் கூப்பிடவில்லை. வேலிக்கு அப்பால் லொறி நின்றபடி ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெற்றோலும் வீணாகப் போகிறதே என்ற கவலை அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.