ஆத்தாளும் என் தாடை முடியும்

இன்று மலைமேல் இருக்கும் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், படவேட்டில் ஏறிய ஒரு அம்மாள் என் தகரப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மனுக்கு முடி கொடுத்த மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

என் தாடையையே பார்த்தார்.

“இன்னாம்மா, பொம்பளைக்கு இவ்ளோ முடி? மஞ்சா பூசறதில்லியா?”

“தெனம் பூசறேங்க. இது சுரப்பிக் கோளாறுன்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரை சாப்பிடறேன்.”

“மாத்திரை இன்னாத்துக்கு? ஆத்தாளுக்கு வேண்டிக்கினு ஒருவாட்டி வழிச்சிடு. அப்புறம் மொளைக்கவே மொளைக்காது.”

முன்சீட்டு ஆட்கள் திரும்பி என் முகத்தைத் தேடினார்கள்.

நான் அவர் தலையைப் பார்த்தேன். “அப்போ உங்களுக்கும் இனிமே மொளைக்காதுங்களா?”

அவர் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். இறங்கும்வரை எடுக்கவில்லை.

இந்தப் பதிவுக்குக் கீழே என்னை வாயாடி என்று எழுத வருகிறவர்கள், முதலில் அவர் வாயை அளந்துவிட்டு வாருங்கள்.