ரேயானுக்கு வந்த அருள்

மலேசியாவில் சிரம்பானிலிருந்து தம்பின் போகும் பஸ்ஸில் மயில்நீல ரேயான் துணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு போன அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் கையில் வழுக்குகிறது. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நழுவி ஓடும் துணி அது. சிரம்பானில் ஒரு துணிக்கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். துணி என்றால் எனக்குப் பைத்தியம். புதுக்கட்டைப் பிரித்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன், அப்புறம்தான் விலை. அந்தக் கட்டு என் சின்னம்மாவுக்கு. தம்பினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவருக்கு முதன்முதலாகப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. மாரியம்மன் கோவில் திருவிழாவில் கோலாட்டம் ஆடும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிப் பாவாடை. நன்றாக அமைந்தால் பேர் கிடைக்கும், தம்பினில் கடை போடலாம். கெட்டால் தோட்டமே கூடியிருந்து பார்க்கும். அப்புறம் ஒரு ரவிக்கைகூட வராது.

இது பருத்தியா பட்டா என்று சித்தப்பா கேட்டார். இரண்டும் இல்லை, மரம் என்றேன். அவர் ரப்பர் ஆலையில் ஆசிட் ஊற்றிப் பாலை உறைய வைக்கும் வேலையில் இருந்தவர். எதைக் கேட்டாலும் பாதியிலேயே எழுந்து நின்றுவிடும் மனிதர். மரம் என்றதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். கடையில் தெரிந்துகொண்டதையெல்லாம் நானும் மூச்சு விடாமல் கொட்டினேன். தைல மரம், பைன் மரம் இவற்றைக் கூழாக்கி, தடித்த அட்டைகளாகக் காய வைப்பார்கள். அட்டையைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து, பிழிந்து, துருவலாக உதிர்த்து, கொஞ்ச காலம் அப்படியே விட்டுவைப்பார்கள். அதோடு கார்பன் டைசல்ஃபைடு என்ற இரசாயனம் சேர்ந்தால் துருவல் ஆரஞ்சு நிறமாகும். மறுபடி காஸ்டிக் சோடா நீரில் கரைத்தால் தேன் மாதிரி ஒரு பாகு. அதை வடிகட்டி, மிக நுண்ணிய துளைகள் வழியாக ஆசிட் தொட்டிக்குள் பிழிய வேண்டும். ஆசிட் பட்டதும் பாகு இறுகி இழையாகிவிடும். இடியப்பம் பிழிவது போல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சித்தப்பா துள்ளிவிட்டார்.

"மரத்துச் சரக்கு, ஆசிட் ஊத்துனா இறுகுது. பாப்பா, இது நம்ம ரப்பருக்கு ஒன்னுவிட்ட தம்பிலா."

ரேயான் ஒரே சாதி இல்லை என்றும் சொன்னேன். அது அவர் காதில் ஏறியதா தெரியாது. நான் கொண்டுபோனது விஸ்கோஸ். கடைகளில் வெறுமனே ரேயான் என்று விற்பது அதைத்தான். உடம்புக்குக் குளிர்ச்சி, சாயம் அழகாகப் பிடிக்கும், ஆனால் நனைந்தால் பாதி பலம் போய்விடும். மோடல் பெரும்பாலும் பீச் மரத்தில் செய்வது, ஈரத்திலும் தாக்குப்பிடிக்கும். லயோசெலுக்குக் கரைப்பான் வேறு. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம், துணியும் உறுதி. குப்ரோ பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சில் பிறப்பது, பட்டோடு போட்டி போடும். மூங்கில் துணி என்று பெருமையாக விற்பதுகூடப் பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். இதைச் சொல்லும்போது எனக்கு அன்றும் மூச்சு வாங்கியது, இன்றும் வாங்குகிறது.

விஸ்கோஸ் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காய வைக்க வேண்டும். சின்னம்மா பக்குவமாக நனைத்தார். வானம் மூடிக்கொண்டது, துணி காயவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று சித்தப்பா அதில் ஒரு பாகத்தை ஆலைக்குத் தூக்கிப் போய், உறைந்த ரப்பரைத் தகடாக அழுத்தும் உருளை மிஷினில் விட்டுவிட்டார். அண்ணனுக்கு ஒத்துக்கொள்வது தம்பிக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். மறுபக்கம் வந்தது கந்தல். சின்னம்மா கந்தலை ஒதுக்கிவிட்டு மீதியை அளந்து பார்த்தார். அந்த நிறத்தில் எங்கள் கடையில் வேறு துணி கிடையாது. தையல் ஓரத்துக்கு விட வேண்டியதையும் விடாமல், இருந்ததை இழுத்துப் பிடித்துத் தைத்து முடித்தார்.

"ஈரத்தோட புள்ளைங்க குதிச்சா தையல் விட்டுரும். அவ்ளோதான், என் பேரு போச்சு" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை.

திருவிழாவில் ஈரம் படாமல் இருக்குமா? கரகம் வரும் வழியெல்லாம் மஞ்சள் நீரை வாளி வாளியாக ஊற்றுவது எங்கள் வழக்கம். கரகத்துக்கு முன்னால் ஆடுகிறவர்களும் சேர்ந்து நனைவார்கள். அன்று மேளம் முழங்க, பிள்ளைகள் சுழல, மயில்நீலம் குடை குடையாக விரிந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. முதல் வாளி உயர்ந்தது. சித்தப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்று அத்தனை நீரையும் தன் மேல் வாங்கிக்கொண்டார். அடுத்த வாளி இடது பக்கம், அங்கே ஓடினார். அப்புறம் வலது பக்கம். கண் சிவந்து, மூச்சிரைத்து, தலையிலிருந்து மஞ்சள் வழிய அங்கும் இங்கும் பாய்கிற மனிதரைப் பார்த்து, அருள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். உடனே பெண்கள் குலவை போட்டார்கள். உடுக்கைக்காரர் அவர் பக்கம் திரும்பி வேகத்தைக் கூட்டினார். பூசாரி வேப்பிலையோடு வந்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கை கட்டி நின்றார்.

"ஆத்தா, என்னம்மா குறை? வாய் தொறந்து சொல்லுத்தா."

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனசில் இருந்ததைச் சொன்னார்.

"ஆடுற புள்ளைங்க மேல தண்ணி ஊத்தாதீங்க."

வாளிகள் எல்லாம் தரைக்கு வந்தன. அன்று ஒரு தையல்கூட விடவில்லை. திருவிழா முடிந்த வாரமே சின்னம்மாவைத் தேடிக் கல்யாண ரவிக்கைகள் வந்தன, பிறகு தம்பினில் கடையும் வந்தது.

சித்தப்பா இப்போது இல்லை. தோட்டத்து ஆட்களும் டவுனுக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் திருவிழாவுக்குத் தவறாமல் கூடுகிறார்கள். இந்த வருடம் வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் கட்டியிருந்தது பாலியஸ்டர், குளத்தில் முக்கி எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. வாடிப்போய் ஆடுகிறார்களே என்று, இந்த ஊருக்குப் புதிதாக மருமகளாக வந்த ஒரு பெண் வாளியைத் தூக்கினாள். சின்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆடுகிற பிள்ளைகள் மேல் ஊற்றக் கூடாது, ஆத்தா சொன்ன வாக்கு என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது சித்தப்பா சொன்னதுதானே என்று சின்னம்மாவின் காதோடு கேட்டேன். சின்னம்மா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு எனக்கு அந்த மனுசன் வேற, ஆத்தா வேறயா?"