தூக்குவாளி மண்

கத்தரீனாள் யாரையும் நம்ப மாட்டாள். சக்குபள்ளத்து ஏலக்காய் எஸ்டேட்டில் தராசை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் காய்ச் சாக்கை எடைக்கு வைக்க மாட்டாள். கோயிலில் காணிக்கை போட்டாலும் காசு உண்டியலுக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் சிலுவை போடுவாள். அப்படிப்பட்டவளின் மண் காணாமல் போனால் சும்மா இருப்பாளா?

எஸ்டேட் வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் வெறும் பாறையும் சரளையும்தான். கல்லையெல்லாம் பெயர்த்துச் சரிவில் வீசினாள். சோறு கொண்டுபோன தூக்குவாளியில் தினமும் ஓடையோரத்து வண்டலை அள்ளிவந்து கொட்டினாள். அது எஸ்டேட் மண்தானே என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். வீடும் எஸ்டேட்டுடையது, வேலையும் எஸ்டேட்டுடையது. இந்த ஒரு சாண் மண்தான் அவளுடையது. அதில் கத்தரி பூத்தது, பீன்ஸ் கொடி ஏறியது.

மழை பிடித்ததும் மண் குறையத் தொடங்கியது. கத்தரியின் வேர் வெளியே தெரிந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. சந்தேகம் நேராகக் கீழ் லயத்துப் புஷ்பமேரி மேல் போனது. அவள் வீட்டுப் பின்புறமும் பாறைதான். இந்த வருஷம் மட்டும் அங்கே கீரை எப்படித் தழைக்கிறது? போன வாரம் கூப்பிட்டு ஒரு கட்டுக் கீரை கொடுத்தாளே, அது எதற்கு? வாயை அடைக்கத்தான்.

கத்தரீனாள் முட்டை ஓட்டை நொறுக்கி மண்ணில் கலந்துவைத்தாள். அடுத்த பெருமழை விட்டதும், வேலை முடிந்து வந்த கையோடு கீழே இறங்கினாள். கீரைப் பாத்தியில் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு.

"ஏட்டி புஷ்பமேரி! எம் மண்ண எப்பட்டி அள்ளுன?"

"நா எங்க மைனி அள்ளுனேன்? மழைல்லா கொண்டாந்து போடுது. இங்க வந்து பாருங்க."

பாத்தியின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. அதைத் தாண்ட முடியாமல் மண் தேங்கி நின்றது. கத்தரீனாளுக்கு அந்தக் கற்களைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அதில் வெள்ளைக் கோடு ஓடிய ஒரு கல்லைப் பெயர்க்கும்போதுதான் அவள் நகம் பிய்ந்தது.

"நீங்க வீசுன கல்லுதான். பொறுக்கி அடுக்குனேன். இல்லேன்னா உங்க மண்ணு ஓடைக்குல்லா போயிருக்கும்."

கத்தரீனாளின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "அப்பம் எனக்குள்ளதக் குடு."

புஷ்பமேரி சிரித்தாள். "மண்ணுதான, வேணுங்கிற மட்டும் அள்ளிக்கிடுங்க. கல்லுல மட்டும் கை வைக்காதீங்க."

கத்தரீனாள் தூக்குவாளியை நிரப்பிக்கொண்டு மேலேறினாள். பாதிச் சரிவில் நின்று, புஷ்பமேரி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.