ஓவியரின் கம்பளித் தொப்பி

திருச்சி வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த ஒரே மனிதர் எங்கள் தொல்லியல் துறை ஓவியர்தான். சைனஸ் என்பார். நானும் கேலி செய்து ஓய்ந்துபோனேன். முதுமக்கள் தாழிகளில் கிடைத்த பழைய மண்டையோடுகளை நான் அளந்து எண்களைச் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். பிறகு நான்கு பக்கமும் பார்த்து வரைவார். எண் ஏதாவது உதைத்தால் நிமிராமலே, "இன்னொரு தடவை அளந்துடுங்கோ மேடம்" என்பார். தப்பு எப்போதும் என்னுடையதாகவே இருக்கும்.

மருங்காபுரிப் பக்கம் கிடைத்த ஒரு மண்டையோடு கவிழ்த்த படகு மாதிரி நீண்டிருந்தது. உச்சி எலும்புகளின் இணைப்பு குழந்தையிலேயே மூடிக்கொண்டால் தலை அகல வழியில்லாமல் அப்படித்தான் நீளும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேதாவித்தனம் விடவில்லை. 'அறிவு வளர்ச்சி குன்றியவராக இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். எலும்பில் அதற்கு ஆதாரமே கிடையாது. அறிக்கையில் அச்சானது. காட்சிப் பெட்டியில் வைக்கும் அட்டையில் அதே வரியை அவர்தான் முத்து முத்தாக எழுதினார். மை காயும்வரை மெதுவாக ஊதிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து, மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கும்போது, பெருமாளைச் சேவித்துவிட்டு வெறும் தலையோடு எதிரே வந்தார். கோயிலுக்குள் தொப்பி ஆகாதே. துருத்திய நெற்றி, உச்சியில் மேடு, பின்னால் நீண்டு போன தலை. அதே மருங்காபுரித் தலை. என் கண் நீளம் அகலம் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அளந்துடாதீங்கோ மேடம்" என்று சிரித்தார். "உள்ள வாங்கோ, காபி சாப்பிடலாம்."

காபியைக் குடித்து, பத்திரிகையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மன்னிப்புக் கேட்டால் அவர் தலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். மறுநாள் துறைத் தலைவரிடம் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். அச்சானதை மாற்றப் புதிதாக என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் பக்கத்து மேசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. ஆதாரமில்லாமல் எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை. அதன் பிறகும் அதே அறையில் ஐந்து வருடம் நான் எண் சொல்ல, அவர் எழுதினார்.

ஓய்வு பெற்ற அன்று தொப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டு, வெறும் தலையோடு பஸ் ஏறினார். மறந்துவிட்டாரோ என்று போன் செய்தேன். "இருக்கட்டும் மேடம். இனிமே எதுக்கு?" என்றார்.

தொப்பி ஆணியில் இருக்கிறது, அட்டை பெட்டியில் இருக்கிறது. மாணவர்கள் வந்தால் அட்டையை மறைத்து நின்றுகொண்டுதான் பேசுவேன். போன வாரம் ஒரு மாணவி என்னை விலகச் சொல்லிப் படித்துவிட்டு, "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு மேடம், யாரு எழுதினாங்க?" என்றாள். எழுத்து அவருடையது, வரி என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "எங்க ஓவியர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் அட்டையை மறைத்து நின்றேன்.