நடிகை புரட்டிய என் புத்தகம்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் வடசேரியில் வாழைக்குலை என்றால் என் கடையைத்தான் கேட்டு வருவார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு என் வாழ்க்கையை ஒரு வாத்தியாரை வைத்து எழுதி அச்சடித்து, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தேன். பாதிப் புத்தகம் மண்டபத்து நாற்காலிகளிலேயே கிடந்தது.

எங்கள் ஊர்க்காரரான ஒரு பழைய சினிமா நடிகை எழுதிய வாழ்க்கைக் கதையோ ஊரெல்லாம் பேச்சு. அம்மாவோடு போட்ட சண்டை, விட்டுப்போன புருஷன், புகழ் வந்தபோது ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். எனக்கு வயிறெரிந்தது.

போன மாதம் செவ்வாழை வாங்க என் கடைக்கே வந்தார். சாயம் பூசாத வெள்ளைத் தலை. பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நானும் சளைத்தவனில்லை என்று என் புத்தகத்தை நீட்டினேன். நின்றபடியே கடைசிவரை புரட்டினார்.

"அண்ணாச்சி, இதுல மைனி எங்க?" கல்லாவில் இருந்த என் மனைவியைக் காட்டிக் கேட்டார்.

"அவ எதுக்கு? யாவாரம் பண்ணினது நானில்லா?"

என் மனைவி சிரித்தாள். "மொதல்ல குளச்சல் சந்தைக்குக் குலை சொமந்தது நானாக்கும். எழுதினா இவருக்குக் கொறச்சல்லா!"

"என்னைய விட்டுட்டுப் போனவனுக்கே நான் ஒரு அத்தியாயம் குடுத்தேன் அண்ணாச்சி" என்றார் நடிகை.

இப்போது மத்தியானமெல்லாம் என் மனைவி அவர் புத்தகத்தோடுதான் இருக்கிறாள். படிக்கப் படிக்க, "உள்ளதுதான், உள்ளதுதான்" என்று தலையாட்டுகிறாள். இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு ஒருநாளும் அவள் அப்படித் தலையாட்டியதில்லை.